ஹெர்குலிசின் வலது கை

அந்த ஹெர்குலிசின் வலது கை அவனுடையதல்ல. மூக்கும் அவனுடையதல்ல. இதை எனக்குச் சொன்னவர், அந்தச் சிலை நின்ற நூதனசாலையில் துப்புரவு வேலை செய்த ஓர் அக்கா. அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை எழுதக்கூடாத இடத்தில் ஒருமுறை எழுதினார்கள். அது போதும்.

அவர் டென்மார்க்கின் ஹோர்சன்சில் இருந்தார். நான் சில்க்போர்க்கில். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளராக ஒன்பது வருடம் இருந்தேன். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன், கையெழுத்துச் சீரானவன், தொழிற்சாலையில் உதிரிப்பாகங்களின் அளவு பார்க்கிறவன் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. அக்காவின் மகள், சங்கத்தில் நான் படிப்பித்த சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வருவாள். அப்படித்தான் பழக்கம்.

நூதனசாலைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் திங்களில் சிலைகளுக்குத் தூசி எடுப்பார்கள். அதற்கென்று படித்த ஒரு டேனிஷ் பெண் ஏணியில் நின்று மெல்லிய தூரிகையால் தூசியைத் தள்ளுவார். அக்கா கீழே நின்று, தூசி உறிஞ்சியின் வலை கட்டிய குழாயைத் தூரிகைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். சிலையைத் தொட அவருக்கு அனுமதியில்லை. ஆனால் ஒரு முழத் தூரத்தில் நின்று பல வருடம் பார்த்தவர். வலது தோளுக்குக் கீழே தூசி எப்போதும் ஒரே கோட்டில் நிற்பதை அவர்தான் கவனித்தார். கோட்டுக்கு மேலே சலவைக்கல் பழைய தந்தத்தின் நிறம். கீழே சீனியின் வெள்ளை.

"இது எப்ப சேர்த்தது?" என்று ஏணியிலிருந்த பெண்ணிடம் கேட்டாராம்.

ரோமர் காலத்துச் சிலை மண்ணுக்குள் கிடந்தபோதே கை உடைந்துவிட்டதென்றும், தோண்டி எடுத்த பிறகு யாரோ ஒரு சிற்பி புதுக்கை செய்து பொருத்தினார் என்றும், இதெல்லாம் கோப்பில் இருக்கிறதென்றும் அந்தப் பெண் சொல்லியிருக்கிறார்.

"கோப்பைப் பாக்கிறதுக்கு ஆர் வருவினம்? சனம் பாக்கிறது அட்டையை. அட்டையில ஏன் இல்லை?"

இதை அவர் டேனிஷில், தனக்குத் தெரிந்த அளவில் கேட்டார். ஒருமுறை அல்ல, எட்டு மாதம் கேட்டார். எட்டாவது மாதம் ஹெர்குலிசின் காலடியிலிருந்த விளக்க அட்டையில் ஒரு வரி கூடியது: வலது கையும் மூக்கும் பிற்காலச் சேர்க்கை.

இதுதான் அவருடைய குணம். 'இது எப்ப சேர்த்தது?' என்ற கேள்வியை அவர் கல்லோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

ஹேர்னிங்கில் எங்கள் ஆள் ஒருவரின் கடையில் 'யாழ்ப்பாணத்து வீட்டுத் தூள்' என்று எழுதிய மிளகாய்த்தூள் பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, எந்த வீடு?" என்று கேட்டார்.

"அக்கா, வாங்கிறதெண்டால் வாங்குங்கோ. கடைக்குள்ள விசாரணை வைக்காதேங்கோ."

"விசாரணை இல்லையடா தம்பி. நீ எழுதினதைத்தானே கேக்கிறன்."

பக்கத்தில் நின்ற மகள் டேனிஷில், "அம்மா, போதும், வா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. தூளையும் வாங்கவில்லை.

அவருடைய கணவர் இறந்தபோது மரண அறிவித்தலை நான்தான் எழுதிக்கொடுத்தேன். வழக்கம்போல 'அன்புக் கணவரும்' என்று எழுதியிருந்தேன். அவர் பேனையை வாங்கி 'அன்பு' என்பதை வெட்டினார்.

"கணவர் எண்டது சரி. மற்றது நீர் சேர்த்தது."

"அக்கா, எல்லாருக்கும் அப்பிடித்தானே எழுதிறது."

"எல்லாரும் என்ரை வீட்டில இருக்கேல்லையே தம்பி."

அன்று எனக்கு அவர்மேல் ஒரு பயம் வந்தது. மூன்று நாளாக அழுது வீங்கிய கண்களோடு நின்றுதான் அதை வெட்டினார். அழுததும் உண்மை, வெட்டியதும் உண்மை. இரண்டையும் அன்றைய குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஈழப் போரின் கடைசிப் பனிக்காலத்தில் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரை நூதனசாலைக்குக் கூட்டிப்போனோம். வழிகாட்டியாக வந்த டேனிஷ் பெண் ஹெர்குலிஸ் சிங்கத்தைக் கொன்றதையும், பலதலைப் பாம்பைக் கொன்றதையும், இப்படிப் பன்னிரண்டு வேலைகளையும் அழகாகச் சொன்னாள். வேலை உடுப்போடு தூணருகில் நின்ற அக்கா, அவள் முடித்ததும் தமிழில் கேட்டார்.

"பிள்ளையள், இவருக்கு ஏன் பன்ரெண்டு வேலை குடுத்தவை தெரியுமோ? தண்டனை. விசர் பிடிச்சுத் தன்ரை பிள்ளைகளைத் தானே சாக்காட்டிப்போட்டார். அதுக்குத்தான்."

ஒரு தகப்பன் என்னிடம் வந்து, "மாஸ்டர், வீரத்தைக் காட்டத்தானே கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்? இவ ஏன் இதுக்குள்ள மண்ணள்ளிப் போடுறா?" என்றார். நான் அக்காவிடம், "இதை இப்ப சொல்லவேணுமோ அக்கா?" என்று கேட்டேன்.

"கதையில இருக்கிறது. நான் சேர்க்கேல்லை," என்றார்.

அவர் போராட்டத்துக்கு எதிரி என்று பின்னால் சொன்னவர்கள் பொய் சொன்னார்கள். அந்த வசந்தத்தில் கொப்பன்ஹேகனில் பாராளுமன்றத்துக்கு முன்னால் நாங்கள் நின்ற ஏழு நாளில் ஐந்து நாள் அவர் வந்தார். விடியற்காலை முதல் ரயிலில் வந்து மழையில் நின்றார். கையில் கொடுத்த பதாகையை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பிடித்தார் என்பது மட்டும் வித்தியாசம். 'குண்டு போடுவதை நிறுத்து' என்பதைப் பிடித்தார். வேறொன்றைத் திருப்பிக் கொடுத்தார்.

அவருடைய தங்கை குடும்பம் வன்னியில் அகப்பட்டிருந்தது. தங்கைக்கு இரண்டு பெண்பிள்ளைகள். போர் முடிந்து மூன்றாவது கிழமை, தங்கை வவுனியா முகாமிலிருந்து யாரோ ஒருவரின் தொலைபேசியில் நான்கு நிமிடம் பேசினாள். மூத்தவள் தன்னோடு இருக்கிறாள். இளையவள் இல்லை. மாசி மாதம் தாய் கஞ்சிக்கு வரிசையில் நின்ற நேரம் இயக்கத்தினர் தரப்பாள் கூரை போட்ட கொட்டிலுக்குள் வந்து இளையவளைக் கொண்டு போயிருக்கிறார்கள். பின்னலை வெட்டிவிட்டார்கள். கொண்டுபோன பதினெட்டாம் நாள் இராணுவம் அடித்த செல் குண்டில் செத்துவிட்டாள். பதினேழு வயது.

அந்த நாட்களில் எங்கள் சங்கம் ஹேர்னிங்கில் ஒரு விளையாட்டு மண்டபத்தை எடுத்து நினைவு நிகழ்ச்சி ஒன்றை ஒழுங்கு செய்துகொண்டிருந்தது. டென்மார்க்கில் உள்ள குடும்பங்களின் உறவுகளில் களத்தில் இறந்தவர்களின் படங்கள் வைப்பது, குடும்பத்தினர் மெழுகுதிரி ஏற்றுவது, அவ்வளவுதான். படங்களைச் சேர்ப்பதும் கீழே வைக்கும் அட்டைகளை எழுதுவதும் என் வேலை.

அக்கா ரயிலேறி என் வீட்டுக்கு வந்தார். ஒரு படம் தந்தார். வெள்ளைப் பள்ளிக்கூட உடுப்பு, இரட்டைப் பின்னல், கறுப்பு ரிபன். அதோடு ஐந்து வரி எழுதிய ஒரு தாள்.

"இதுதான் அட்டை. ஒரு சொல்லும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"ஓம் அக்கா."

"நீர் ஓம் எண்டால் ஓம். அதுக்குத்தான் உம்மட்டைக் கொண்டுவந்தனான்."

மூன்றாம் நாள் சங்கத் தலைவர் அட்டைகளைப் பார்வையிட்டார். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். இருபத்தாறு அட்டைகளில் அதை மட்டும் எடுத்து மேசையில் தனியே வைத்தார்.

"தம்பி, இது என்ன?"

"அந்த அக்கா எழுதித் தந்தது அண்ணை. தாய் சொன்னதாம்."

"தாய் எதுவும் சொல்லுவா. பெத்த வயிறு. இருபத்தைஞ்சு பேருக்கு ஒரு மாதிரி, ஒராளுக்கு இன்னொரு மாதிரி வைக்கேலுமோ? எல்லாம் முடிஞ்சு சனம் உடைஞ்சுபோய்க் கிடக்கு. இப்ப இதைத் தொங்கவிட்டால் ஆருக்குச் சந்தோசம், சொல்லும் பாப்பம்?"

தலைவர் மற்ற அட்டைகளில் இருந்த வாசகத்தையே இதற்கும் போடச் சொன்னார். 'தானே முன்வந்து களம் புகுந்து வீரச்சாவைத் தழுவிக்கொண்டவர்.' நான் போட்டேன். அந்தச் சொற்களை நான்தான் தட்டச்சுச் செய்தேன். இரவல் விரல்கள் இல்லை.

படங்களை ஒரே அளவாக்கித் தருவதற்கு ஒருவரிடம் கொடுத்திருந்தோம். புதன்கிழமை மாலை ஏழு பத்துக்கு அவர் கொண்டுவந்து தந்தார். இளையவளின் படத்தில் வெள்ளை உடுப்பு இல்லை. கழுத்துக்குக் கீழே இயக்கத்தின் வரிச்சீருடை. பின்னல் இல்லை. கணினியில் யாரோ ஒருத்தியின் உடம்பை எடுத்து இவளுடைய தலைக்குக் கீழே பொருத்தியிருந்தார். "தலைவர்தான் சொன்னவர், எல்லாரும் சீருடையோட இருக்க இவ மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளையாய் இருந்தால் வடிவில்லையாம்," என்றார். கழுத்தில் தோலின் நிறம் மாறியிருந்தது. எனக்கு உடனே தெரிந்தது. தொழிற்சாலையில் மயிரிழை பிசகிய பாகத்தையும் கழித்துச் சிவப்புப் பெட்டியில் போடுகிறவன் நான். அதை எந்தப் பெட்டியிலும் போடவில்லை. சட்டமிட்டேன். அட்டையை ஒட்டினேன். வெள்ளிக்கிழமை காலை, இருபத்தாறு படங்களும் உள்ள அழைப்பிதழைச் சங்கத்தின் இணையப் பக்கத்திலும் ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அக்கா பிந்தி வந்தார். கையில் மெழுகுதிரி. வரிசையில் நின்று, ஒவ்வொரு படமாகப் பார்த்து, ஒவ்வொரு அட்டையாக வாசித்துக்கொண்டு வந்தார். இருபத்தோராவது படத்துக்கு முன்னால் நின்றார். முதலில் முகத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு முட்டுமளவு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இது எப்ப சேர்த்தது?"

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் மண்டபத்தில் சத்தம் குறைந்தது. தலைவர் வந்தார்.

"அக்கா, மெழுகுதிரியை ஏத்துங்கோ. பின்னுக்குச் சனம் நிக்குது."

"அண்ணை, இந்த உடம்பு ஆரின்ரை?"

"எங்கடை பிள்ளையின்ரை மரியாதைக்குத்தானே செய்தது."

"எங்கடை பிள்ளையோ? இவளின்ரை தாயும் தமக்கையும் அங்கை முள்ளுக்கம்பிக்குள்ள இருக்கினம். வீட்டில ஆர் இயக்கம் எண்டு ஒவ்வொரு நாளும் ஆமிக்காரன் கூப்பிட்டு விசாரிக்கிறான். இல்லையெண்டு சொல்லிச் சொல்லித்தான் அவள் மற்றப் பிள்ளையை வைச்சிருக்கிறாள். நீங்கள் இஞ்சை இருந்துகொண்டு செத்தவளுக்குச் சீருடை போட்டு விடுறியளோ?"

"இது டென்மார்க் அக்கா. ஹேர்னிங் மண்டபத்தில தொங்குற படம் வவுனியாவுக்குத் தெரியப்போகுதோ?"

படம் மண்டபத்தில் மட்டும் தொங்கவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து இணையத்தில் இருந்தது. அது உலகத்துக்கே தெரியும்.

யாரோ பின்னாலிருந்து, "வீரச்சாவைக் கொச்சைப்படுத்திறா, வெளியில விடுங்கோ," என்றார்கள். அக்கா திரும்பவில்லை. கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"தம்பி, நீர் எதையும் எறியாத ஆள். நான் தந்த தாள் உம்மட்டை இருக்கும். எடுத்து வாசியும்."

இருந்தது. சட்டைப் பையில் இருந்தது. இரண்டாக மடித்து நாட்குறிப்புக்குள் வைத்திருந்தேன். ஐந்து வரி. வாசிக்க அரை நிமிடம் போதும். முந்நூறு பேர் என்னைப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார்.

"அக்கா, பிறகு கதைப்பம்," என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் இன்று இவ்வளவு கோபத்தோடு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் திட்டவில்லை. மெழுகுதிரியைக் கைப்பைக்குள் வைத்தார். இரண்டு கையாலும் படத்தைச் சட்டத்தோடு கழற்றினார். ஒருவர் மறிக்கப் போக, "தொட்டால் பொலிசுக்கு ரெலிபோன் அடிப்பன்," என்றார். வாசலில் சப்பாத்தைப் போட்டு, நாடாவை நிதானமாகக் கட்டிக்கொண்டு வெளியே போனார். சுவரில் ஓர் ஆணி மிச்சம் இருந்தது. தலைவர் ஒலிவாங்கியில், "நிகழ்ச்சியைத் தொடருவம்," என்றார். தொடர்ந்தோம்.

இரண்டாம் நாள் ஹோர்சன்சில் அவருடைய தபால் பெட்டியில் கறுப்பு மையால் அவர் பெயரை எழுதி, பக்கத்தில் துரோகி என்று எழுதியிருந்தார்கள். அவர் சுரண்டியதில் இரண்டாவது சொல் போய்விட்டது, பெயர் போகவில்லை.

இணையத்திலிருந்து படத்தை எடுக்கும்படி தலைவரிடம் மூன்று தடவை கேட்டேன். நிர்வாகக் கூட்டத்தில் முடிவெடுப்போம் என்றார். கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. யாரிடமும் கேட்காமல் எடுத்திருக்கலாம். பதினோராம் நாள்தான் எடுத்தேன். பதினொரு நாள். அந்தக் கிழமைகளில் ஏதோ ஒரு நாள் மூத்தவளை விசாரணைக்கென்று முகாமிலிருந்து கொண்டு போனார்கள். நான்கு மாதம் கழித்துத்தான் விடுவித்தார்கள். அந்த நான்கு மாதத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. நான் ஏற்றிய படம்தான் காரணமா என்பது யாருக்கும் தெரியாது. இல்லை என்று சொல்லவும் யாரும் இல்லை. நான் அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"தெரியாததை நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றார். "உம்மைக் காப்பாத்திறதுக்கும் ஒண்டைச் சேர்க்க ஏலாது. உம்மைக் கொல்லுறதுக்கும் சேர்க்க ஏலாது. வைக்கிறன் தம்பி."

அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. மகளோடு நோர்வேக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

தலைவர் இன்றும் தலைவர்தான். சந்திக்கிற இடத்தில் முதுகில் தட்டி, "தம்பி, அந்த நேரம் எல்லாரும் ஒரு உணர்ச்சியில இருந்தனாங்கள்," என்கிறார். உணர்ச்சியா? கழுத்தின் கோட்டை நான் கண்டது புதன்கிழமை மாலை ஏழு பத்துக்கு. கண் கலங்கியிருக்கவில்லை. மேசை விளக்கு நல்ல வெளிச்சமாக இருந்தது.

போன மாதம் அந்த நூதனசாலைக்குப் போனேன். ஹெர்குலிசுக்கு இப்போது வலது கை இல்லை, மூக்கும் இல்லை. சேர்த்ததை எல்லாம் கழற்றிவிட்டார்கள். தோளில் உடைந்த கல்லும் அதில் ஒரு துளையும் தெரிகிறது. அட்டையில் 'வலது கை கிடைக்கவில்லை' என்று இருக்கிறது. பன்னிரண்டு வேலைகளுக்குக் காரணமும் இப்போது எழுதியிருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அதை வாசித்துவிட்டு மற்றவளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்து அந்த ஞாயிற்றுக்கிழமையின் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். மிளகாய்த்தூளும், வெட்டிய 'அன்பும்' எல்லாம் விவரமாக எழுதியவன் அன்று எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'ஹேர்னிங். மழை இல்லை. மண்டபம் நிறைந்தது. படங்கள் இருபத்தாறு. நிகழ்ச்சி நேரத்துக்கு முடிந்தது.' இருபத்தாறு என்பதே பொய். முடிந்தபோது இருபத்தைந்துதான் இருந்தன. அக்காவின் தாள் மடித்தபடி அந்தப் பக்கத்துக்குள்ளேயே கிடந்தது. அன்று வாசிக்கச் சொன்னார். ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல் கீழே எழுதுகிறேன்.

பதினேழு வயது. பள்ளிக்கூடப் பிள்ளை.
மாசி மாதம் தாய் கஞ்சிக்குப் போன நேரம் கொண்டு போகப்பட்டாள்.
போகமாட்டேன் என்று கொட்டில் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
பதினெட்டாம் நாள் செல் விழுந்து செத்தாள்.
சண்டை பிடிக்கத் தெரியாது.